முடிவு தெரிந்த காதல் கதைகளும் 30 நாள் அறிவிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த திரைப்படக் கட்டுரை, இன்றைய காதல் படங்களின் முடிவை இடைவேளைக்கு முன்பே எவரும் சொல்லிவிடலாம் என்றும், அவை அலுத்துப்போவதற்கு அதுவே காரணம் என்றும் தீர்ப்புக் கூறியிருந்தது. முதல் கூற்றை நான் மறுக்கவில்லை. இரண்டாவதை ஏற்க மனம் வரவில்லை. காவிரிப் பாசனப் பகுதியின் சார்பதிவாளர் அலுவலகங்களில் எழுத்தராகவும் உதவியாளராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், காதல் படம் எதுவானாலும் முதல் வாரத்திலேயே பார்த்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் துணைவியாரைப் பெற்றவன் என்ற முறையிலும், இதைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

படங்கள் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன என்பதற்குக் கட்டுரையாளர் சான்று தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்த் திரையரங்கின் வாசலில் வண்டிகளுக்கு டோக்கன் போடுபவரைக் கேட்டிருந்தால் போதும். அவர் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை. ரயில் ஊதும் சத்தமும் அதற்கு மேல் வயலின்களும் சுவரைத் தாண்டிக் கேட்டால், பீடியை அணைத்துவிட்டு எழுந்து, குறுக்கே நிற்கும் வண்டிகளை ஓரங்கட்டி வழி ஏற்படுத்தத் தொடங்கிவிடுவார். சிறிது நேரத்தில் கூட்டம் வெளியே வந்துவிடும். விமான நிலைய அறிவிப்பு மணி கேட்டாலும் அதே கணக்குத்தான். அவர் கணக்குப் பிசகி நான் பார்த்ததில்லை.

முதல் பார்வையில் எங்கிருந்தோ ஒரு காற்று வீசும், துப்பட்டா பறக்கும், நாயகன் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவான், தோழன் ஒருவன் கேலி செய்தபடி தூது போவான், மழை வரும், கும்பகோணத்துப் பெண்ணும் பையனும் ஒரு பாட்டு முழுவதும் பனிமலையில் ஆடிவிட்டுத் திரும்புவார்கள், இடைவேளை நெருங்கும்போது பாதி கேட்ட தொலைபேசிப் பேச்சு ஒன்றால் மனம் முறியும், பிற்பாதியில் வேறொருவனுக்கு நிச்சயம் நடக்கும், கடைசியில் கல்யாண மண்டபம், ரயிலடி, ஆஸ்பத்திரி இம்மூன்றில் ஒன்றில் கதை போய் நிற்கும். இந்த வரிசையை நான் சொல்லித்தான் தங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனாலும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அரங்கு நிறையத்தான் செய்கிறது. என் துணைவியாரிடம் ஒருமுறை இதைக் கேட்டபோது, "அழறதுக்குத்தானே போறோம், எப்ப அழணும்னு முன்னாடியே தெரிஞ்சா முந்தானையத் தயாரா வச்சுக்கலாம்ல" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான் என்றாலும், கட்டுரையாளரின் வாதத்துக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

முடிவு முன்கூட்டியே தெரிவது ஒரு குறை என்றால், எங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தில் எந்தக் கலையும் பிழைத்திருக்க முடியாது. பாபநாசம் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா என்னும் இசை நாட்டிய நாடகம் நடக்கிறது. பிரகலாத சரித்திரத்தில் தூண் பிளக்கும், நரசிம்மர் வருவார் என்பது அங்கு வந்து அமரும் குழந்தைக்கும் தெரியும். பாட்டும் வசனமும் தெலுங்கில் இருப்பதால் பலருக்கு வரிக்கு வரி பொருள்கூட விளங்காது. அப்படியிருந்தும் இரவெல்லாம் கண்விழித்துக் காத்திருக்கிறார்கள். இரணியன் 'எங்கே உன் ஹரி?' என்று கேட்கும்போது அந்தப் பிள்ளை எப்படி நிமிர்ந்து நிற்கப்போகிறது, பெற்றவள் வேடத்தில் இருக்கும் ஆண் எப்படிக் கலங்கப்போகிறார் என்பதைப் பார்க்கத்தான் அந்தக் காத்திருப்பு.

சிலப்பதிகாரமும் அப்படித்தான். பதிகத்திலேயே கதை முழுவதும் சொல்லப்பட்டுவிடுகிறது. கோவலன் கொலையுண்டதும் மதுரை எரிந்ததும் தெரிந்த பிறகே புகார்க் காண்டத்துக்குள் நுழைகிறோம். இருந்தும் அதில் வரும் கானல்வரிப் பகுதியைப் படிக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. இந்திர விழா முடிந்து கடற்கரையில் கோவலனும் மாதவியும் அமர்ந்திருக்கிறார்கள். மாதவி கொடுத்த யாழை வாங்கிக் கோவலன் காவிரியைப் பாடுகிறான், பிறகு கானலில் கண்ட பெண்ணைப் பாடுகிறான். அவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குப் படுகிறது. யாழை வாங்கி, தன் மனத்திலும் வேறொருவன் இருப்பது போன்ற குறிப்புத் தோன்ற அவளும் பாடுகிறாள். அவன் அதை மெய்யென்று கொண்டு எழுந்து போய்விடுகிறான். இதில் வில்லன் இல்லை, பொய்க் கடிதம் இல்லை, கதவுக்குப் பின்னால் நின்று பாதிப் பேச்சைக் கேட்ட முறைமாமன் இல்லை. அவளுடைய செருக்கும் அவனுடைய சந்தேகமும் மட்டும்தான் வேலை செய்கின்றன. நம் படங்களில் பாட்டு வந்தால் கதை சற்று நேரம் வெளியே போய்விடும். அங்கே பாட்டுதான் இருவரையும் பிரிக்கிறது. பூம்புகாரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் வாழும் நமக்கு, பாட்டுக்குக் கதையில் என்ன வேலை என்று யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

திரையிலும் இந்த வித்தை தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிக்கல் நாதஸ்வரக்காரரும் திருவாரூர் நாட்டியப் பெண்ணும் சேர்வார்கள் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்திருக்காது. சிவாஜியும் பத்மினியும் சேராமல் வேறு யார் சேர்வது? ஆனால் யார் கலை உயர்ந்தது என்று இருவரும் வீம்பு பிடிக்கும் ஒவ்வொரு காட்சியிலும் அவர்களைப் பிரித்து வைப்பது அவர்கள் குணமே. 1996-இல் வந்த 'காதல் கோட்டை'யில் ஒருவரையொருவர் பார்க்காமல் கடிதத்திலேயே காதலித்தவர்கள் கடைசியில் சந்திப்பார்கள் என்பதும் முன்பே தெரிந்ததுதான். அவள் அனுப்பிய ஸ்வெட்டர்தான் அவனைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்பதும் ஓரளவு ஊகிக்கக்கூடியதே. இருந்தும் ரயில் நகரத் தொடங்கியதும் அரங்கில் ஒருவரும் இருக்கையில் சாய்ந்திருக்கவில்லை. அந்த ரயிலடிக்கு உரிமையோடு வந்த படம் அது. பின்னால் வந்தவர்கள் ரயிலடியை மட்டும் எடுத்துக்கொண்டு கடிதங்களை விட்டுவிட்டார்கள்.

இன்று நாம் கொட்டாவி விடும் ஒவ்வொரு சம்பிரதாயமும் என்றோ ஒருவர் முதன்முதலாகக் கண்டெடுத்ததுதான். மயிலாடுதுறைப் பகுதியில் எடுக்கப்பட்டு 1980-இல் வெளிவந்த 'ஒருதலை ராகம்' படத்தில், காதலைச் சொல்ல அவள் வந்து சேர்வதற்குள் அவன் உயிர் ரயிலிலேயே பிரிந்திருக்கும். அந்த முடிவு அன்று ஊரையே உலுக்கியது. கல்லூரி மாணவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத இருவரின் கதைக்கு அது பொருந்திய முடிவு. 1997-இல் 'காதலுக்கு மரியாதை' படத்தில் ஓடிப்போன காதலர் இருவரும், பெற்றவர்களை நினைத்துத் தாங்களாகவே திரும்பி வந்தார்கள். அதுவரை ஓடுவதோடு முடிந்துகொண்டிருந்த கதைக்கு அது புதிய மடை. பிறகு வந்த படங்களில் பெற்றோர் மனம் மாறும் கடைசிக் காட்சி கட்டாயக் கூலியாகிவிட்டது. ஏன் மாறினார்கள் என்று கேட்கத்தான் ஆளில்லை.

என் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. காதலர்களைப் பிரித்து வைக்கும் காரணம் பொய்யாக இருக்கும்போதுதான் முடிவு தெரிந்திருப்பது உறுத்துகிறது. எங்கிருந்தோ வரும் லாரி, திடீரென்று தெரியவரும் ரத்தப் புற்றுநோய், கைக்கு வந்து சேராத கடிதம், ஒரே பெயரில் இரண்டு பேர் என்று இவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும், அந்த இருவர் யார் என்பதற்கும் அதற்கும் தொடர்பே இருப்பதில்லை. லாரி யார் மீதும் மோதும். ஆகவே லாரி வந்தவுடன் நமக்கு அந்த இருவரும் மறந்துபோகிறார்கள். எழுதியவரின் கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

உண்மையான தடை எப்படி இருக்கும் என்பதை என் மேசையின் மறுபுறம் நின்றவர்களிடம் நான் பார்த்திருக்கிறேன். திரையில் 'ரிஜிஸ்டர் ஆபீஸ்' காட்சி ஒரே ஷாட்டில் முடிந்துவிடும்: இரண்டு மாலை, நான்கு நண்பர்கள், ஒரு கையெழுத்து, அந்த நொடியில் வாசலில் வந்து நிற்கும் வில்லனின் கார். இந்து மதத்தைச் சேர்ந்த இருவர், சாதி எதுவானாலும், உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ புரோகிதர் இல்லாமல் மணந்துகொள்ள, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம் வழிவகுத்தது. பிறகு அதைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் இருவரும் வெவ்வேறு மதத்தினராக இருந்து, மதம் மாறாமல் மணக்க விரும்பினால், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் பெரும்பாலும் வர வேண்டும். அதில் முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படும். 30 நாள் கழிந்து, ஆட்சேபம் எதுவும் நிற்கவில்லை என்றால், மூன்று சாட்சிகளோடு வந்து கையெழுத்திட்டால்தான் திருமணம். இருவரில் ஒருவருடைய நிரந்தர இருப்பிடம் வேறு எல்லைக்குள் இருந்தால், அறிவிப்பின் நகல் அந்த ஊர் அலுவலகத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும்.

படிவத்தில் அந்த நிரந்தர முகவரிக் கட்டம் வந்ததும் ஒரு பெண்ணின் பேனா நின்றது. நிமிர்ந்து, "சார், இதை எழுதினா எங்க ஊருக்கும் போகுமா?" என்று கேட்டார். "போகும்மா, சட்டம் அப்படி" என்றேன். அவர் அந்தப் பையனைப் பார்த்தார். அவன் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தான். தற்காலிக முகவரியையே நிரந்தர முகவரியாகவும் எழுதிவிடலாமா என்ற எண்ணம் அந்த மேசையைச் சுற்றி ஓடியது எனக்கே தெரிந்தது. பிறகு அவர் கதவு எண், தெருப் பெயர், அஞ்சல் எண் என்று ஒன்றுவிடாமல், தாமதமாக, அழகான கையெழுத்தில் எழுதி முடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பையன் அடிக்கடி வந்து, நில ஏலத்தைப் படிப்பவன் போல அறிவிப்புப் பலகை முன் நின்றுவிட்டுப் போவான். தாள் இருக்கிறதா, யாராவது கிழித்துவிட்டார்களா என்று பார்க்கத்தான். ஆட்சேபம் எதுவும் வரவில்லை. குறித்த நாளில் ஒரு சாட்சி வராமல் போகவே, எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

அந்த 30 நாளும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. சட்டப்படி பார்த்தால் பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது ஆட்சேபமே அல்ல. வயது நிறையவில்லை, ஏற்கெனவே மணமாகிக் கணவனோ மனைவியோ உயிருடன் இருக்கிறார், விலக்கப்பட்ட உறவுமுறை, மனநிலை பற்றிய தடை என்பன போன்ற காரணங்களே செல்லும். ஆனால் ஆட்சேபிக்க வழியில்லாதவருக்கும் செய்தி போய்விடுகிறதே! செய்தி போனால் என்னென்ன நடக்கும் என்பது நம் மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். ஒரு காதல் படத்துக்கு இதைவிட நியாயமான பதற்றம் வேறு என்ன வேண்டும்? முடிவில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று சுவரொட்டியிலேயே அச்சடித்து ஒட்டினாலும், அந்தப் பேனா நின்ற இடத்தில் அரங்கு மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

சாதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் படங்களில் தந்தை எதிர்ப்பதற்குப் பெரும்பாலும் 'அந்தஸ்து' என்பதே காரணமாகக் காட்டப்படுகிறது. பெரிய வீடு, சின்ன வீடு. தந்தை மீசையை முறுக்குவார், கௌரவம் என்பார், கடைசி ரீலில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கண்கலங்குவார். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இடையே இருப்பது பணத்தின் தூரம் மட்டுமல்ல என்பது படம் எடுப்பவர்களுக்கும் தெரியாததன்று. ஆணவக் கொலைகள் பற்றிய சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம், சாதி மத எல்லை தாண்டி மணப்பவர்களின் பாதுகாப்புக்காக மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்கும்படி உத்தரவிட நேர்ந்தது எதனால்? சாதியின் பெயரைச் சொல்லாமல் கதையை நகர்த்த வேண்டியிருப்பதால்தான் லாரி தேவைப்படுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இடைச்செருகலாக இன்னொன்று: படத்துக் கிராமத்து மிராசுதார் மகளின் காதலைத் தவிர வேறெதையும் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஜூன் 12 கடந்த பிறகும் மேட்டூர் திறந்தார்களா, ஆற்றில் தண்ணீர் வந்ததா, ஆள் கிடைக்குமா என்று ஒருமுறைகூடக் கேட்காத மிராசுதாரைத் திரையைத் தவிர வேறெங்கும் நான் கண்டதில்லை. சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்தால்தான் தை மாதத்தில் கல்யாணம் என்ற கணக்கே அந்த ஊர்களில் கிடையாது போலும்.

எதை எடுக்கலாம் என்று இயக்குநர்களுக்கு உபதேசிக்க நான் யார்? ஆயினும் திருக்குறள் வீட்டில் இருக்கும் எவரும் எழுந்து போய்ப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு கணக்கை மட்டும் இங்கே வைக்கிறேன். காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். அவற்றில் திருமணத்துக்கு முந்தைய களவியலுக்கு 7. அதற்குப் பிந்தைய கற்பியலுக்கு 18. நம் சினிமா அந்த 7 அதிகாரங்களிலேயே இரண்டரை மணி நேரத்தையும் செலவிட்டுவிட்டு, தாலி ஏறியவுடன் விளக்கைப் போட்டு நம்மை வெளியே அனுப்பிவிடுகிறது. கற்பியலின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை. 'புலவி நுணுக்கம்' என்பதில் ஒரு வீட்டுக் காட்சி வருகிறது. கணவன் தும்முகிறான். மனைவி வாழ்த்துகிறாள்; வாழ்த்திய வாய் மூடுவதற்குள், யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் எச்சரிக்கையாகத் தும்மலை அடக்கிக்கொள்கிறான். உமக்கு வேண்டியவர் நினைப்பதை எனக்குத் தெரியாமல் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். தும்மினாலும் குற்றம், தும்மாவிட்டாலும் குற்றம்! அடுத்து அவன் என்ன செய்வான் என்பதை எந்த வண்டி நிறுத்தக்காரராலும் வெளியில் நின்று ஊகிக்க முடியாது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். சங்க இலக்கியத்தில் வயலும் வயல் சார்ந்த நிலமும் மருதம். அதற்குரிய பொருள் ஊடல். அதாவது நெல் விளையும் இந்த மண்ணுக்கென்று நம் முன்னோர் ஒதுக்கிக் கொடுத்த காதல், சேர்ந்த பிறகு வரும் சண்டைதான். நிலமும் பொழுதும் பூவும் பறவையும் முன்பே வகுக்கப்பட்டிருக்க, தலைவன், தலைவி, தோழி, பரத்தை என்ற ஆட்களும் மாறாதிருக்க, ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் நண்டை வைத்துப் பத்துப் பாட்டும் எருமையை வைத்துப் பத்துப் பாட்டும் பாடியிருக்கிறார். எருமை வரும் என்பது தெரிந்ததுதான். ஒவ்வொரு பாட்டிலும் அது எதை மிதித்துக்கொண்டு வருகிறது என்பதே கேள்வி.

ஊடலைத் தொட்ட படங்கள் தமிழில் இல்லாமல் இல்லை. 2000-இல் வெளிவந்த 'அலைபாயுதே' திருமணத்துக்குப் பிந்தைய மனக்கசப்பைக் கதையின் நடுவே கொண்டுவந்து வைத்தது. பாத்திரம் துலக்குவதிலும் வேலைக்குப் போய்வரும் களைப்பிலும் காதல் என்னவாகிறது என்று காட்டத் துணிந்தது. ஆனால் அதற்கும் முடிவு காண ஒரு சாலை விபத்துதான் தேவைப்பட்டது என்பதில் எனக்கு இன்றுவரை மனத்தாங்கல் உண்டு. 2018-இல் வந்த '96' படத்தில் தஞ்சாவூர்ப் பள்ளியில் படித்த இருவரும் பல ஆண்டுகள் கழித்து ஓர் இரவு சந்திக்கிறார்கள். அவளுக்கு மணமாகிவிட்டது, விடிந்தால் போய்விடுவாள். இது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அந்த இரவு முழுவதும் லாரி எதுவும் வரவில்லை. எங்கள் பக்கத்து அரங்குகளில் அந்தப் படத்துக்கு வந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளைவிட, பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் அதிகம். ஊகிக்க முடியாத திருப்பம் எதையும் அவர்கள் அங்கே தேடிப் போகவில்லை.

ஆகவே தங்கள் திரைப்பட விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள். 'கதையை எளிதில் ஊகித்துவிட முடிகிறது' என்று முடித்துக்கொள்ளும் இடத்தில், காதலர்கள் எதனால் பிரிந்தார்கள், எதனால் சேர்ந்தார்கள் என்று இரண்டு வரி எழுதினால், எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும். முடிவைச் சொல்லிவிட்டார்களே என்று நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். காரணம் லாரி என்றால் லாரி என்றே எழுதிவிடலாம். டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பதிவுத்துறை ஊழியர் (ஓய்வு),
திருவிடைமருதூர் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.